இறால் குட்டைக் கரைக்கு ஒரு பைக்

காலை ஏழரைக்குக் கடலூரை விட்டுக் கிளம்பினோம். இரண்டு பைக், இரண்டு பேர். இரண்டுமே தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும் ரகம். பழைய வண்டிக் கடையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தவை. மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டைகளில் தண்ணீர் பரிசோதிப்பது என் பிழைப்பு. போன மழையில் என் ஸ்கூட்டர் கரைச்சேற்றில் படுத்துவிட, "இந்த மழைக்கும் வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று குட்டைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

உயரமான பைக்கில் நான். எடை குறைந்த சின்னதில் மச்சான் சேகர், என் மனைவியின் தம்பி. செம்மங்குப்பத்து ரசாயன வாடையைத் தாண்டும்வரை நான் ராஜா. ஆலப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான் கால் தரைக்கு எட்டவில்லை என்று தெரிந்தது. கடைப் பெஞ்சின் மேல் காலை ஊன்றிக்கொண்டேன்.

"மாமா, எறங்கிக் குடிங்க."

"எறங்குனா திரும்ப ஏற முடியாதுடா."

டீ பன்னிரண்டு ரூபாய். நன்றாகவே இருந்தது.

பி.முட்லூரில் இடப்பக்கம் திரும்பி, ஒன்பது மணிக்குப் பரங்கிப்பேட்டை. முந்தின நாள் மழையில் குட்டைக்கரைக் களிமண் வழுக்கியது. பாதியில் நின்றேன். கால் காற்றில் துழாவியது. வண்டி நிதானமாகச் சாய்ந்து என்னையும் குட்டைக்குள் கூட்டிப்போனது. காவலுக்கிருந்த ஜமால் பாய் ஓடி வந்தார்.

"தண்ணிய மேலேர்ந்து பாத்தா போறாதா சார்?"

வண்டியைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பிறகு அதே கரையில் சின்னதை ஓட்டினேன். வழுக்கிய இடத்திலெல்லாம் இரு காலையும் ஊன்றி அக்கரை சேர்ந்தேன். சின்னதுதான் என்று அங்கேயே முடிவு.

அதோடு விட்டிருக்கலாம். சிதம்பரத்தில் மாமனார் வீட்டு வாசலில் கெத்தாகப் போய் நிற்க ஆசைப்பட்டு, மறுபடி பெரியதில் ஏறினேன். வண்டி எடுக்கப் போயிருப்பதாக என் மனைவி போனில் சொல்லியிருக்கிறாள்; மாமனார் தட்டோடு காத்திருந்தார். வாசற்படியில் கால் ஊன்றி நான் இறங்குவதற்குள், சேறு வழிந்த வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம்.

"முன்னால நகத்துங்க மாப்ள."

அவர் சொன்னதைச் செய்துவிடும் பழக்கதோஷத்தில் நகர்த்தினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"மாமா, இது நம்ம வண்டி இல்ல. நாம எடுக்கப் போறது அந்தச் சின்னது."

"கற்பூரம் காட்டுனதத் திருப்பிக் குடுத்தா குடும்பத்துக்கு ஆவாது. ஆம்பள ஓட்டுற வண்டி இது, பேசாம இருங்க!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குட்டையில வுழுந்தா கற்பூரமா வந்து தூக்கும்? நீங்களே ஒக்காந்து பாருங்க."

மாமனாரை நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் முறை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறியேவிட்டார். அவரும் என் உயரம்தான். வண்டி மெல்லச் சாயத் தொடங்கியது. சேகர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே இருந்தபடியே மாமனார் வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்தா. சின்ன வண்டிக்கு!"

பெரியதைக் கழுவி, கடையில் திருப்பி விடச் சொல்லிச் சேகரிடம் கொடுத்துவிட்டு, மாலை நான் சின்னதில் திரும்பினேன். ராஜா களையெல்லாம் போய்விட்டது. ஆலப்பாக்கத்தில் அதே டீ. இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன்.