செத்த மாட்டுக்குச் சாட்சி

மாட்டு இன்சூரன்ஸில் மாடு உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் வேலை கிடையாது. செத்த பிறகுதான் எல்லாருக்கும் வேலை. இதையெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சட்டம் பேசத் தெரியாது. ஒரு வார்த்தை கூடிப்போனால் அதற்கும் ஒரு கேஸ் வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிறத்தியார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் இருந்தால், உங்களுக்கு மட்டும் என் பாடு புரியும்.

தொண்ணூறுகளில் நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலை பார்த்தேன். லோனில் வாங்கிய மாட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டு. மாடு செத்தால் கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து எழுதித் தருவார். அதற்குக் கீழே, 'மாடு செத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன்' என்று ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்.

தோடு போடும் நாள்

இன்சூரன்ஸ் செய்த மாட்டின் காதில் எண் போட்ட ஒரு வில்லையை அடித்துவிடுவார்கள். ஊரில் அதற்குத் தோடு என்றுதான் பேர். மாடு செத்தால் தோட்டோடு காதை அறுத்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். தோடு எங்காவது விழுந்துவிட்டால், நிஜமாகவே செத்த மாட்டுக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் மாடு கருவேல மரத்தில் தலையை உரசினாலே பெண்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

தோடு போட டாக்டர் வந்தால் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடிப்பது நான்தான். ஒருமுறை பேச்சியம்மாளின் மாடு என்னையும் இழுத்துக்கொண்டு போய் டாக்டரின் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. பேச்சியம்மாள் தன் வெறும் காதைத் தடவிக்கொண்டு மாட்டைப் பார்த்துக் கத்தினாள்: “எனக்கு ஒரு தோடு போடணும்னு எங்க வீட்டு ஆளுக்கு இத்தன வருசமாத் தோணல. ஒனக்குப் போட ஜீப்புல ஆபீசர் வந்திருக்காவ, முட்டவா செய்யுத?”

காது மட்டும் வந்தது

சுப்பையா என்று ஒருவர். காலையில் பால் ஊற்றும் நேரத்தில் மஞ்சள் பையில் ஒரு காதைக் கொண்டுவந்தார். தோடு பத்திரமாக இருந்தது. மாடு செத்துவிட்டதாம், நாறிவிடும் என்று புதைத்தாகிவிட்டதாம். “கையெழுத்த மட்டும் போடுங்கக்கா” என்றார். டாக்டர் வரட்டும் என்று சொல்லிவிட்டு, பையைத் தூரமாக வைக்கச் சொன்னேன்.

டாக்டர் வந்து வெட்டுவாயைப் பார்த்தார். உயிருள்ள மாட்டின் காதை அறுத்தால் அந்த இடத்தில் ரத்தம் ஊறிக் கட்டியிருக்கும், செத்ததில் அப்படி இருக்காது என்று எனக்கும் காட்டினார். “ஏன்யா, உசுரோட நிக்குற மாட்டுக் காதை அறுத்திருக்கீரே, இது கேஸாகும் தெரியுமா?” என்று கேட்டார். எழுதித் தரவும் மறுத்துவிட்டார். சுப்பையா கொஞ்சமும் அசரவில்லை. “இல்ல சார், மாடு செத்துத்தான் போச்சு. காதுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டல போல.”

பாக்கியத்தின் வாய்தா

குளத்தூர்ப் பக்கத்துச் சொசைட்டியில் பாக்கியம் என்று ஒரு பெண். என்னைப் போலவே அவளும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவள். தெரிந்த மனிதர்தானே என்று, செத்த மாட்டைப் போய்ப் பார்க்காமலே ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த மாடு பிறகு புதுத் தோட்டோடு, வேறு ஆள் பெயரில் உயிரோடு நின்றது. கம்பெனிக்காரர்கள் போலீசுக்குப் போனார்கள். மாட்டுக்காரர் முதல் குற்றவாளி, பாக்கியம் அடுத்தது. ஜாமீன் வாங்கின பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும்.

ஒரு வாய்தாவுக்கு நானும் துணைக்குப் போனேன். ஒரு பைசாகூட வாங்காதவள் மேல் எப்படிக் கேஸ் என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பொய் கிளைம் என்றால் கம்பெனி கொடுக்காது, கொடுத்திருந்தால் திருப்பி வாங்கும், ஆனால் அதோடு முடியாது. ஏமாற்றியதற்கு ஜெயில் உண்டு. தெரிந்தே துணைக்குக் கையெழுத்துப் போட்டவருக்கும் உண்டு. தெரியாமல் போட்டாள் என்று வாதாடலாம், ஆனால் 'நேரில் பார்த்தேன்' என்று அவளே எழுதியிருக்கிறாளே என்று உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கும் கேஸ் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மாட்டையும் நான் பாக்கல, பணத்தையும் பாக்கல. கோர்ட்டத்தான் நல்லாப் பாத்துட்டேன்க்கா.”

கொழுந்தனாரின் மாடு

அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, வைக்கோலுக்கு ஊர் ஊராக அலைந்தோம். என் வீட்டுக்காரரின் தம்பி முருகேசனின் மாடு மடி வற்றிப்போயிருந்தது. ஒரு மத்தியானம் அவர் வந்து நின்றார்.

“மதினி, மாடு போயிட்டு. ஒரு கையெழுத்துப் போடணும்.”

“எங்கன கிடக்கு?”

“ஓடக்கரையில பொதச்சாச்சு.”

“டாக்டர் பாக்காமலா?”

“டாக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க போடுங்க.”

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது: “வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போடக் கை நோவுதோ?” என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போட்டால் பாக்கியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். போடாவிட்டால் அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் நிம்மதியாக இறங்காது. சாயங்காலப் பால் நேரம் ஆகிவிட்டது, சொசைட்டியில் வைத்துப் போடுகிறேன் என்று சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

அங்கே பால் ஊற்ற வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. “எங்க கொழுந்தனார் மாடு செத்துப்போச்சு, வாங்க, ஒரு எட்டு துட்டி கேட்டுட்டு வருவோம்” என்று சத்தமாகச் சொன்னேன். சாவு விசாரிக்கப் போவதுதான் துட்டி; அதற்குக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள். தூக்குச்சட்டிகளை வைத்துவிட்டு எல்லாரும் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஒரு மண்மேடு இருந்தது. ஆட்டுக்குட்டியைப் புதைத்தால் அந்த அளவு இருக்கும்.

“ஏட்டி, மாட்ட மடிச்சா வச்சுப் பொதச்சாவ?” என்றாள் ஒருத்தி. பேச்சியம்மாள் யாருடைய தோட்டத்திலிருந்தோ ஒரு மண்வெட்டியோடு வந்து, “தோண்டிப் பாத்துருவோம் அண்ணாச்சி, டாக்டருக்கும் வேல மிச்சம்” என்று சேலையைச் செருகினாள். கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினார். “சரி விடுங்க மதினி. லாரி ஏறிக் கேரளாவுக்குப் போன மாடு செத்த மாதிரிதானே?”

காகிதம் எதுவும் போகாததால் அவர் மேல் கேஸ் இல்லை. மாமியார் வெகுநாள் என்னோடு பேசவில்லை; அது ஜெயிலைவிடத் தேவலை என்று இருந்துவிட்டேன். அதிலிருந்து தனியாகப் போய் எந்த மாட்டையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மாடு செத்தது என்று யார் வந்தாலும் பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனை பேரையும் துட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எல்லாரும் பார்த்து, டாக்டரும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். இப்படி ஆரம்பித்த பிறகு எங்கள் ஊரில் மாடுகள் சாவது வெகுவாகக் குறைந்துபோனது. நாங்கள் நல்ல தீவனம் போடுவதுதான் காரணம் என்று ஆபீசர்கள் மீட்டிங்கில் எங்களுக்குக் கைதட்டினார்கள்.