இருப்பதைக் காட்டு என்று கேட்டேன்

நாகல் நகரிலிருந்து உங்கள் சகோதரி ஒருத்தியின் ஸலாம்.

போன வருடம் என் வீட்டுக்காரரால் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் போனது. குனிந்தால் மூச்சு முட்டும். தோல் பை, பெல்ட் விற்கும் எங்கள் கடையில் நாள் முழுக்க நின்றே வியாபாரம் பார்ப்பவர், கால் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய் அழுவேன்.

ஊரிலேயே இதயத்துக்கு எக்கோ எடுத்தோம். "யா அல்லாஹ், ரிப்போர்ட்டில் எதுவும் இருக்கக் கூடாது." நான் கேட்ட துஆ அது ஒன்றுதான். அப்படியே வந்தது. பம்பிங் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அவருக்கு மறுபடி மூச்சு இரைத்தது.

சித்தையன்கோட்டையிலிருந்து என் அண்ணன் மனைவி வந்திருந்தார். மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "ரிப்போர்ட்டு நல்லாருக்கு, மனுசந்தான் நல்லால்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நன்றி சொல்லிச் சோறும் போட்டாயிற்று, இனி எந்த முகத்தோடு மறுபடி கேட்பது? தொழுதேன். ஆனால் கையேந்தவில்லை. ரப்பிடமே கோபித்துக்கொண்டேன்.

பிறகு மதுரையில் ஓர் இதய டாக்டரம்மாவிடம் போனோம். எக்கோவைத் திரும்ப எடுத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதயம் நல்லாச் சுருங்குதும்மா. விரியத்தான் மாட்டேங்குது. ரத்தம் உள்ள வர இடம் குடுக்கல. தசை இறுகிப் போயிருக்கு."

இவர் உடனே, "எண்ணெய் காணாத தோலு மாதிரிங்களா டாக்டர்?" என்றார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதேதான் பாய். ஏன் இறுகுச்சுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து."

இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். முதலில் எம்.ஆர்.ஐ., இன்னொரு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை மூன்றையும் பார்ப்போம், அதிலேயே தெரிந்துவிட்டால் சதை எடுக்க வேண்டாம் என்றார்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் அவரைக் கூட்டிப்போனார்கள். வெளியே உட்கார்ந்து, பல நாள் கழித்துக் கையேந்தினேன். பழைய துஆ நாக்கு நுனி வரை வந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. "ரப்பே, உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் காட்டு. கத்தி படாமல் காட்டு" என்று கேட்டேன். கேட்டதுமே மனசு லேசானது.

எல்லா முடிவும் வந்தபின் டாக்டரம்மா கூப்பிட்டார். தசைக்குள் ஒரு வகைப் புரதம் படிந்திருக்கிறதாம், அதனால்தான் இறுக்கமாம். படங்களே தெளிவாகச் சொல்லிவிட்டன, சதை எடுக்க வேண்டியதில்லை, மாத்திரை இருக்கிறது என்றார். வெளியே வந்து மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, நோய் இருக்காம் மதினி! அல்ஹம்துலில்லாஹ்!"

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார். வராந்தாவில் இருந்தவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

நீர் இறங்க ஒரு மாத்திரை, புரதம் மேலும் படியாமலிருக்க ஒரு மாத்திரை. ஏற்கெனவே சாப்பிட்ட ஒன்றை நிறுத்தினார். முழுசாகக் குணமாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உப்பைக் குறைத்துத்தான் வெஞ்சனம் வைக்கிறேன், அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார். ஆனால் கால் வீக்கம் வடிந்துவிட்டது. இந்த ரமலானில் ஒருநாள் அஸர் தொழுகைக்கு நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு நின்றார். குனிந்தார். நெற்றியைத் தரையில் வைத்தார். நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக இருந்தது. என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு ரிப்போர்ட்டுக்காகப் பயந்துகொண்டிருக்கலாம். இருப்பதைக் காட்டு என்று தைரியமாகக் கேளுங்கள். நமக்குத் தெரியாத நோயும் அவனுக்குத் தெரியும். எனக்குக் காட்டியவன் உங்களுக்கும் காட்டுவான், அதைப் பார்க்கிற தெம்பையும் அவனே தருவான்.