ஏழாவது கைநாட்டு

“இதன் அடியில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கும் ஊரார் ஆகிய நாங்கள், மேற்படி ஆற்றோர நிலத்தில் ஆலை வருவதற்கு எங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக் கொடுத்தது.”

கார்பன் தாள் வைத்து எடுத்த நகல் இது. ஆனி மாதம் என்பது வரை படிக்க முடிகிறது. வருடம் இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பு எழுதியது என்று மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்த அப்பாவின் ஆலை அடையாள அட்டைக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். கையெழுத்து அப்பாவுடையது. கீழே வரிசையாகக் கைநாட்டுகள், நகலிலும் தனியாக மை ஒற்றி வைத்தவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாருடையது என்று அப்பா எழுதியிருக்கிறார். ஏழாவது, என் தாய்மாமனுடையது.

இந்த ஆண்டு ஜனவரி 26 அன்று, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இது கிடைத்தது. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பழைய தாள் எது கிடைத்தாலும் தேதி போட்டு நகலெடுத்து வைப்பது என் பழக்கம். இதையும் அப்படித்தான் எடுத்து வைத்தேன். ஆனால் ஏழாவது பெயரை மூன்று முறை திரும்பப் படித்தேன்.

காரணம் இதுதான். மாமா எங்கள் வீட்டு வாசலை மிதித்து ஐம்பது வருடங்கள் ஆகப்போகின்றன. ஊர் சம்மதம் கொடுத்தபோது தான் ஒருவன் மட்டும் கைநாட்டு வைக்கவில்லை என்பதும், எழுதப் படிக்கத் தெரிந்த மாப்பிள்ளை, அதாவது என் அப்பா, ஊரை ஏமாற்றி எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டான் என்பதும் அவர் சொல்லிவந்த கதை. எண்ணூர் ஆற்றோரத்தில் அவருடைய ஊரில் இதைக் கேட்காதவர்கள் இல்லை.

அந்த ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தில் எறா, அதாவது இறால், நிறைய விழும் இடங்கள் சிலதான். அங்கே இன்று ஒரு குடும்பம் வலை கட்டினால் நாளை அடுத்த குடும்பம். கோயில் வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவார்கள். வலியவன் எளியவன் என்று பார்ப்பதில்லை. முறை வந்தவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்காக இறங்குவான். சுதந்திரம் வந்தபோது மாமா சின்னப் பையன். வெள்ளைக்கார அதிகாரி போய்விட்டால் இனி ஆற்றுக்கு ஊர்தான் அதிகாரி என்று அவருடைய அப்பா சொன்னாராம். நாடு முழுக்கப் பாடு மாதிரியே நடக்கும் என்று மாமா நம்பினார்.

அப்பா வேறு குப்பத்திலிருந்து பெண் எடுத்தவர். மாமனார் ஊரிலேயே குடியிருந்தும் பாடு வரிசையில் அவருக்கு முறை கிடையாது. மாப்பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. கூலிக்கு வலை இழுத்தார். எட்டாவது வரை படித்திருந்ததால் பேப்பர் வாசிப்பார். அணைக்கட்டு, உருக்காலை, உர ஆலை என்று படம் வந்தால் வெட்டிச் சுவரில் ஒட்டுவார். பெயரைப் பார்க்காமல், பிறந்த ஊரைப் பார்க்காமல் வேலை கொடுக்கிற இடம் என்று ஆலையை அவர் நினைத்தார். இந்தியா அப்படித்தான் எழுந்து வரும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெரிய இயந்திரமா, சிறிய ஊரா என்று தேசத் தலைவர்கள் விவாதித்ததைப் பற்றிப் பிற்பாடு நான் எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். அதற்கெல்லாம் முன்பே, ஏழு வயதில், அந்த விவாதத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டுவிட்டேன். அதற்குள் நாங்கள் திருவொற்றியூருக்கு வந்திருந்தோம். அன்று தீபாவளிக்கு மறுநாள். அப்பா வேலை முடிந்து வந்து இன்னும் சட்டை மாற்றவில்லை. மாமா சுவரோரம் குந்தியிருந்தார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்.

“இன்னா மச்சான், காக்கிச் சட்டை ஜோரா கீது. சைரன் ஊதினா எழுந்து ஓட்ற, சைரன் ஊதினா குந்தி துன்ற. இத்துக்குத்தான் சொதந்தரம் வாங்கினாங்களா?”

அப்பா சிரித்தார். “எனக்கும் சேர்த்துத்தான மச்சான் ஊதுது. உங்க பாட்டுல என்னிக்காவது எம் பேரக் கூப்ட்டாங்களா?”

“கூப்ட்ருப்பாங்க. பத்து வருசம் பொறுத்திருந்தா கூப்ட்ருப்பாங்க.”

“பத்து வருசம் எம் புள்ளைங்க இன்னாத்தத் துன்னுகினு இருக்கும்?”

“நாங்க துன்றதத் துன்னும். எறா வர்ற வழியில மண்ணக் கொட்டி மூடிட்டு, நாடு முன்னேறுதாம் நாடு. எங்க கீது அந்த நாடு? காட்டு, நானும் பாக்கறேன். எனக்கு ஆறுதான் கீது.”

“ஊரே ஒத்துகினுதான குட்த்துது?”

“ஊரு குட்த்துது. நான் குடுக்கல. எங் கைய நான் வெக்கல.”

அப்பா பதில் பேச வாயைத் திறந்தார். அம்மா அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார். மாமா தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அம்மா அவருக்குப் போட்டு வைத்திருந்த சோறு தட்டிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. என் கல்யாணத்தில் மாமன் சீர்த் தட்டு வைக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அப்பா சாவுக்கும் வரவில்லை.

இந்த ஜனவரியில் அம்மாவுக்கு எண்பது வயது. கால்கள் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அண்ணனைப் பார்க்க வேண்டும்.

“போன் போட்டா நம்ம வூட்டு நம்பர்னு தெரிஞ்சி வெச்சுடுவான். லெட்டர் போடு. எழுத்துன்னா அவனுக்குப் பயம், கிழிக்க மாட்டான். யாராவது படிச்சிக் காட்டுவாங்க” என்றாள்.

பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்துக்குக் கடிதம். பிப்ரவரி 3 அன்று எழுதினேன். முதல் பக்கத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு தப்பெண்ணத்தால்தானே இரண்டு குடும்பம் பிரிந்திருக்கிறது, ஆதாரம் கிடைத்த பிறகு அதைத் தீர்த்துவிட்டால் மாமா தயங்காமல் வரலாமே என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் தாளில் நகலின் வாசகத்தையும், கைநாட்டுகளின் வரிசையையும், ஏழாவது இடத்தில் அவர் பெயர் இருப்பதையும் எழுதினேன். ‘ஆகவே இதில் அப்பா யாரையும் ஏமாற்றவில்லை’ என்று முடித்தேன். எந்த வார்த்தையும் கடுமையாக இருக்கக் கூடாது என்று இரண்டு முறை திருத்தினேன்.

மத்தியானம் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, என்னிடம் இருந்த கடிதத்தின் நகலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்துக்கு அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பக்கம் பாதி வாசித்தபோது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இத்தயுமாடா எழுதிப் போட்ட?”

“ஆமாம்மா. பேப்பர் கெடச்சுதே. மாமா கைநாட்டு அதுல கீது.”

“எனக்குத் தெரியாதா? அவன் கைய வெக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். வூட்டுக்கு ஒரு வேலைன்னு சொன்னாங்க, வெச்சான். அப்புறம் ஆறு தூந்து போச்சி. ஊரே அவன் மூஞ்சியப் பாத்துது, அவந்தான பெரிய குடும்பம். நான் வெக்கலன்னு ஒரு நாளு சொன்னான். சொல்லிச் சொல்லி அதுலயே நின்னுட்டான்.”

“நைனாவுக்கும் தெரியுமா?” அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

“அவருதான பேப்பர வெச்சிகினு இருந்தாரு. அம்மாம் பேச்சு வாங்கினாரே, ஒரு வாட்டி எடுத்துக் காட்னாரா? நாந்தான் வாணாம்னேன். அவனுக்கு வேற இன்னா கீது, அந்த ஒரு வார்த்தயத் தவிர?” மூச்சு வாங்கியது. “ஓட்றா. போயி அந்த லெட்டர வாங்கிகினு வா.”

ஓடினேன். தபால் எடுப்பதாகப் பெட்டியில் எழுதியிருந்த நேரம் மூன்றரை. என் கைக்கடிகாரத்தில் மூன்று ஐம்பது. குச்சியைவிட்டுத் துழாவிப் பார்த்தேன். வெற்றிலை பாக்குக் கடைக்காரர், “எடுத்துகினு போயிட்டாரு சார், இப்பதான்” என்றார். தபால் நிலையத்துக்குப் போனேன். பை கட்டியாகிவிட்டது, போட்ட கடிதத்தைத் திருப்பித் தர முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கான அதிகாரி நாளைதான் வருவார் என்றார்கள். மறுநாள் காலையில் போனபோது பை எண்ணூருக்குப் போய்விட்டிருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் வாசல் கதவைச் சாத்தவிடவில்லை. அவளுடைய கட்டிலைக் கதவு தெரிகிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் மனைவியைக் கூப்பிட்டு, “காசிமேட்டுல எறா வாங்கிகினு வாம்மா. ஒருவேள அவன் வந்தான்னா சோறு போடணும்” என்பாள். என் மனைவி இரண்டு ஞாயிறு வாங்கி வந்தாள். இரண்டு ஞாயிறும் சாயங்காலம் வரை மூடி வைத்திருந்து, பிறகு நாங்களே சாப்பிட்டோம். அம்மா கஞ்சிதான் குடித்தாள்.

கடிதம் போட்ட பதினெட்டாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

மாமாவின் மகன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அண்ணனோ தம்பியோ போர்த்த வேண்டும். அவன்தான் போர்த்தினான்.

“உங்க நைனா வரலியாப்பா?” என்று கேட்டேன்.

“முட்டி வலி மச்சான். எழுந்துக்கவே முடில.”

“பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சில்ல, அது போதும்” என்றாள் எதிர்வீட்டு அம்மா. புடவை வந்த பை கீழே கிடந்தது. அதில் இருந்த பில்லை, வழக்கம்போல, எடுத்துப் பார்த்தேன். எங்கள் தெருமுனைக் கடை. அன்று காலை ஒன்பது நாற்பது. மாமா கொடுத்தனுப்பியது அல்ல. வரும் வழியில் அவனாக வாங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் மாமாவின் ஊருக்குப் போனேன். ஐம்பது வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த வாசலுக்குள் போன முதல் ஆள் நான்தான். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

“கடசியா உங்கம்மா இன்னா துன்னா?” என்றார்.

“கஞ்சிதான் மாமா.”

“எறா கேட்டாளா?”

“கேட்டாங்க” என்றேன். யாருக்காகக் கேட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார். முட்டியில் துணி சுற்றியிருந்தது. வீக்கம் உண்மைதான்.

வெளியே வந்தபோது மாமாவின் பேத்தி, லாரி ஓட்டும் மகனின் பெண், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. கடிதம் வந்ததா என்று மெதுவாகக் கேட்டேன்.

“வந்துச்சே மாமா. நாந்தான் தாத்தாவுக்குப் படிச்சேன். ‘உன்னப் பாக்கணும் போலக் கீது’ன்னு இருந்துச்சில்ல? தாத்தா அழுதுட்டாரு.”

“ரெண்டாவது பேப்பர்?”

அவள் யோசித்தாள். “ரெண்டு பேப்பரா இருந்துச்சு? பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு அவசரமாப் படிச்சேன். நெனப்பில்ல. தாத்தா வாங்கித் தலகாணிக்கடியில வெச்சிகினாரு. ஏன், கேக்கட்டுமா?”

“வாணாம்மா” என்றேன்.

தேதிகள் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. பேத்தி சொன்ன கணக்குப்படி கடிதம் பிப்ரவரி 5 அன்று அவருக்குக் கிடைத்தது. வாசித்துக் காட்டியது அதே நாள் காலையில். ஆனால் வாசித்தது ஒரு தாளா, இரண்டு தாள்களா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அதை அறிய வேண்டுமானால் மாமாவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், ஒருவேளை இதுவரை தெரியாமல் இருந்தால், அந்தக் கேள்வியே அவருக்குத் தெரிவித்துவிடும். நான் கேட்கப்போவதில்லை. இரண்டாம் தாள் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.