பூத்துப்போன இலைக்கட்டு

எங்கள் பீடிக்கடை ஏஜெண்டுக்கும் எனக்கும் என்றைக்கும் ஆகாது. நான் சுற்றிக் கொடுக்கிற பீடியைச் சரியில்லை என்று அவன் கழிப்பான். அவன் கொடுக்கிற இலையை நான் கழிப்பேன். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே குளிக்கப் போகும். தென்காசியில் எங்களுக்கு இலை பூத்துப்போகும். வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை பிடித்த இலையில் என்னத்தைச் சுற்றுவது?

என் மகன் லோடு வேன் வைத்திருக்கிறான். அதுதான் அவன் குடும்பத்துக்குச் சோறு. போன சாரலில் இந்த ஏஜெண்டு அவனைக் கூப்பிட்டு, தூத்துக்குடிப் பக்கம் கம்பெனி கிட்டங்கி இருக்கிறது, இலைமூட்டையை இறக்கிவிட்டு வா என்றான். போனால் கிட்டங்கியும் இல்லை, குடோனும் இல்லை. கரையில் ஒரு படகு, சுற்றிலும் கஸ்டம்ஸ்காரர்கள். மூட்டையோடு வேனையும் பிடித்துவிட்டார்கள்.

தூத்துக்குடி கஸ்டம்ஸ் ஆபீசில் விசாரணைக்கு மகனோடு நானும் போனேன். வராதே என்றான், கேட்கிற ஆளா நான்? பஸ்ஸில் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். அங்கே ஏஜெண்டு வெள்ளைச்சட்டையும் விபூதியுமாக உட்கார்ந்திருந்தான்.

ஆபீசர் சொன்னார்: "இலங்கையில பீடி இலைக்கு வரி ஜாஸ்தி. பேப்பர் போட்டுக் கப்பல்ல அனுப்பினா வியாபாரம். பேப்பர் இல்லாம படகுல அனுப்பினா கடத்தல். உங்க மகனுக்கு விஷயம் தெரியாதுன்னா அதை நீங்கதான் நிரூபிக்கணும். இல்லேன்னா வேன் அரசாங்கத்துக்குப் போயிரும்."

"ஏமாந்தவன்தான் ருசு காட்டணுமாக்கும். நல்லாருக்கு அய்யா ஒங்க சட்டம்" என்றேன். மகன் என் கையைக் கிள்ளினான்.

"இது எங் கடை இலையே இல்ல சார்" என்றான் ஏஜெண்டு. "இவன் எங்கன வாங்கி எவனுக்கு விக்கப் போனானோ."

"ஏலே, வாய் கூசலையா ஒனக்கு?"

"ஆச்சி, மரியாதையா பேசுங்க."

"ஒம் மரியாதையத்தான் தெனமும் கழிச்சுப் போடுதேன்லா, பொறக்கிக்கோ."

ஆபீசர் மேசையைத் தட்டினார். நான் விடவில்லை. "அய்யா, ஒரு சாக்க அவுத்துக் காட்டுங்க."

"அது சாட்சிப் பொருள். நீங்க தொடக்கூடாது."

"நான் எதுக்குத் தொடுதேன்? நீங்க தொடுங்க, நான் பாக்குதேன்."

மூன்றாவது சாக்கில் வந்தது, பச்சைத் துணி கட்டின ஒரு கட்டு. பூத்துப்போன இலை. கழித்த இலையை நாங்கள் சும்மா திருப்பிக் கொடுக்கமாட்டோம். மறுநாள் அதையே நம் தலையில் கட்டிவிடுவான் என்று ஆளுக்கொரு துணியால் கட்டி அடையாளம் வைத்துத்தான் கொடுப்போம். பச்சை என்னுடையது, என் சேலையில் கிழித்தது. எடைக்கு ஆகட்டும் என்று அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் சாக்கில் திணித்திருக்கிறான்.

"பச்சைத் துணி ஊருல எல்லாருட்டயுந்தான் கெடக்கு" என்றான் ஏஜெண்டு.

"சரிதான். அய்யா, இன்னும் அடியில பாருங்க. செவப்பு ரிப்பன்ல ஒரு கட்டு கெடக்கணும், அது பக்கத்து வீட்டுக்காரி கழிச்சது. கொசுவலையக் கிழிச்சுக் கட்டுனது அவ நாத்தனாருது. அன்னைக்கு மூணு பேரும் சேந்துதான் இவன்ட்ட சண்டை போட்டோம்."

ஆபீசர் கையை உள்ளே விட்டார். முதலில் சிவப்பு ரிப்பன் வந்தது. அதன்பின் கொசுவலையும் வந்தது. ஏஜெண்டு நெற்றியைத் துடைத்தான், விபூதி போய்விட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சொன்னதை ஆபீசர் வாக்குமூலமாக எழுதினார். ரேகை வைக்கும் முன் அதை வாசிக்கச் சொன்னேன். "கிழிந்த சேலைத்துணி" என்று எழுதியிருந்தார்.

"கிழிஞ்ச இல்ல அய்யா, கிழிச்ச. கிழிஞ்ச சேல கட்டுதவ இல்ல நான்."

முறைத்தார். அடித்துத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் பெருவிரலை நீட்டினேன்.

அந்த மூன்று கட்டும், பக்கத்து வீட்டுக்காரியும் அவள் நாத்தனாரும் வந்து சொன்ன சாட்சியுமாக, இலை ஏஜெண்டுடையது, அவன் பொய் சொல்லி அனுப்பியது மகனுக்குத் தெரியாது என்று தீர்ப்பானது. மாதக்கணக்கில் உப்புக்காற்றில் நின்ற வேன் துருவேறி வந்தது. மகன் கதவைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினான்.

"துருவத் தேச்சுக்கிடலாம்லே" என்றேன். "வேன கவர்மெண்டுதுன்னு எழுதிப்புட்டா எதக்கொண்டு தேப்ப? ஏறு. வடகரையில தேங்கா லோடு கெடக்காம்."

நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.