கார்க் நகரத்துச் சரளி வரிசை

நயாகராவைப் பார்க்காதவர்கள் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். கார்க்கைப் பார்க்காதவர்கள் கிடையாது. அப்பாவின் கம்பெனிக்கு அயர்லாந்தில், கார்க் என்ற அந்தப் பழைய ஊரில், ஒரு கிளை இருந்தது. டெக்ஸாஸில் இர்விங் ஆபீஸில் இருந்த நம் ஆட்களை முறைவைத்து அங்கே அனுப்புவார்கள். போகிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு போவார்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக்கில், கையில் புளிசாதத் தட்டை வைத்துக்கொண்டு, தாங்கள் தங்கிய இடம்தான் அந்த ஊரிலேயே உசத்தி என்று வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். தொண்ணூறுகளின் பின்பாதி அது. எனக்கு ஏழு வயது.

அந்த ஊரின் சரித்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வைக்கிங்குகள் வந்தார்களாம், கோட்டை கட்டினார்களாம், வந்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரியவேண்டியதெல்லாம் பாத்ரூமில் மக் இருக்குமா, அடாப்டர் போட்டால் ரைஸ் குக்கர் வேலை செய்யுமா, கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறுமா என்பதுதான். கோயம்புத்தூர் ஆன்ட்டி தங்கியிருந்த காலேஜ் ரோடு விடுதியில் அலறியது. அங்கே தங்கியிருந்த அத்தனை பேரும் நைட் டிரஸ்ஸோடு மழையில் தெருவுக்கு ஓடிவந்து நிற்க, ஆன்ட்டி மன்னிப்புக் கேட்கிற விதமாக எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தாராம். "அந்த ஊர்லயே நல்ல எடம் அதுதானுங்க" என்று அதற்குப் பிறகும் கூசாமல் சொல்வார்.

ஆனால் கடைசியில் ஜெயிப்பது எப்போதும் கேம்கார்டர் அங்கிள்தான். அவர் தங்கியது ஆற்றங்கரையில் இருந்த பெரிய ஹோட்டல். லிஃப்ட், கம்பளம், ஜன்னலைத் திறந்தால் ஆறு. போதாததற்கு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தார். அவர் வீட்டில் சாப்பிட்டால் அவருடைய வீடியோவைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பாயசம் கிண்ணம் காலியாவதற்குள் டிவியில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் செருகிவிடுவார். லிஃப்ட் கதவு மூடுவதையே முழுசாக எடுத்த மனிதர் அவர்.

நாங்கள் தங்கியது மேட்டில். மூச்சு வாங்க ஏறவேண்டும். உச்சியில் ஒரு பழைய தேவாலயம், அதன் கோபுரத்தில் நான்கு பக்கமும் கடிகாரம். நான்கும் நான்கு நேரம் காட்டும் என்பதால், ஊர்க்காரர்களே அதைப் பொய்க்காரன் என்று செல்லமாகச் சொல்வார்களாம். அதற்குக் கீழே, சந்தில், ஒரு குறுகலான வீடு. மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டிருந்தாள் ஒரு வீட்டுக்காரம்மா. லிஃப்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மக் கூட இல்லை. அப்பா ஒரு பால் ஜாடியை வாங்கிவந்தார். இந்த வீட்டைத்தான் அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டாள். மற்றபடி அம்மா அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். அப்பளம் பொரிக்கிற வேலையை வாங்கிக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிடுவாள்.

அங்கே நடந்தது இதுதான். அப்பா ஆபீஸ் போய்விட்ட ஒரு மத்தியானம் அம்மா காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே மெல்ல ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "சாரி, சாரி" என்றாள், இரண்டு கையையும் ஆட்டி. காரணம் உண்டு. இர்விங்கில் எங்கள் கீழ் வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். அம்மா காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தால், கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் டொக் டொக் டொக் என்று இடிப்பார். தாளம் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாளம் போட ஓர் ஆள் கிடைத்த பிறகும் அம்மா ஏன் சட்டென்று நிறுத்திவிடுகிறாள் என்பது எனக்குப் பெரிய புதிர். கொஞ்ச நாளில் சுருதிப் பெட்டி துணி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

வீட்டுக்காரம்மா பேசிய இங்கிலீஷ் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் கோபமாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டாள். மேலே கோபுரத்தில் மணிகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய் அடிக்கலாம், போய் ஊருக்கே கேட்கிற மாதிரி அடி என்று கையால் விரட்டினாள்.

போனோம். கோபுரத்தில், குறுகலான படிகள் ஏறி, வரிசையாகக் கயிறுகள். எண் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து இழுத்தால் ஏதாவது ஓர் இங்கிலீஷ் மெட்டு வரும். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தாள். மொத்தம் எட்டு மணிகள். என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சங்கராபரணம்டி!" என்றாள்.

மணியின் பெயராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள். ச ரி க ம ப த நி ஸ. ஏறினாள், இறங்கினாள். பாட்டு கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற சரளி வரிசை. இரண்டாவது வரிசை பாதியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். டொய்ங்! அம்மா திட்டவில்லை. சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவதையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். கீழே வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கைதட்டினாள்.

இதைத்தான் இர்விங்கில் ஒருத்தரும் நம்பவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை கேம்கார்டர் அங்கிள் வீட்டில் கூடியிருந்தோம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அடுத்த வாரம் கார்க்குக்குக் கிளம்புகிறவர்கள், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே தங்குவது என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து ஜல்லிக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"மேட்டு மேல ஒரு வீடு இருக்கும்மா. அங்கேயே தங்குங்க. நான் அந்த ஊர் மணியில சரளி வரிசை அடிச்சிருக்கேன்."

கேம்கார்டர் அங்கிள் சிரித்தார். "என்னம்மா, நீங்களா? நானும் அந்த வாரம் அதே ஊர்லதான இருந்தேன். அப்படி அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?"

"மூணு வரிசை அடிச்சேன். ரெண்டாவதுல இவ குறுக்க வந்து வேற கயித்தை இழுத்துட்டா. மறுபடி முதல்லேர்ந்து அடிச்சேன்."

"பொய் சொல்ற கடிகாரத்துக்குக் கீழ தங்கினா இப்படித்தான் வரும்" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஷி டிட்! ஐ சா இட்!" என்று நான் கத்தினேன். அதற்கும் சிரித்து, ஓர் ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் விரலைக் கடித்திருப்பேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏதோ ரெண்டு தடவை இழுத்துப் பாத்திருப்பா, விடுங்க" என்றார். மற்றவர்கள் சிரித்தபோது அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழக்கம்போல பாயசம். வழக்கம்போல ஒயர். புது ஜோடிக்காக அன்றைக்குப் பெட்டியிலிருந்து கார்க் வீடியோ வந்தது. லிஃப்ட் கதவைத் தாண்டி அதை யாரும் அதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. லிஃப்ட் கதவு மூடியது. கம்பளம் வந்தது. ஜன்னல் திறந்தது. ஆறு தெரிந்தது, ஆற்றைப் பற்றி அங்கிளின் குரல் விளக்கிக்கொண்டிருந்தது. அப்போது தூரத்தில் மணி.

வீடியோவுக்குள் இருந்த அங்கிள் சலித்துக்கொண்டார்: "யாரோ டூரிஸ்ட்டு, சும்மா டங்கு டங்குன்னு இழுக்கறான். ரெக்கார்டிங் வேஸ்ட்டாப் போச்சு."

சமையலறைக் கதவில் அம்மா வந்து நின்றாள்.

"சவுண்ட் வைங்க" என்றாள். அங்கிளிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் யோசிக்காமல் ரிமோட்டை அழுத்திவிட்டார்.

ச ரி க ம ப த நி ஸ. அறையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் உட்கார்ந்து எழுந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த கிண்ணங்கள் அப்படியே நின்றன. மணி இரண்டாவது வரிசைக்குப் போனது. ச ரி ச ரி ச ரி க ம.

"இப்ப என் பொண்ணு வருவா பாருங்க" என்றாள் அம்மா.

டொய்ங்!

ஐயோ, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீடே கத்தியது. நான் சோபா மேல் ஏறிக் குதித்தேன். இறங்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கன்னத்தைக் கிள்ளிய ஆன்ட்டியே என்னைத் தூக்கிக்கொண்டாள். "அட, நெசமாத்தானுங்க!" என்று கோயம்புத்தூர் ஆன்ட்டி தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பாடத் தொடங்கினார். மணி முதலிலிருந்து ஆரம்பித்தபோது எல்லாப் பெண்களும் அதோடு சேர்ந்து பாடினார்கள். நடுவில் அம்மா. கையில் இன்னும் அந்த ஜல்லிக் கரண்டி. அடக்கி அடக்கி வைத்திருந்த குரல் முழுசாக வெளியே வந்தது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கேம்கார்டர் அங்கிள் தோற்றுப்போகிற ரகம் இல்லை. சத்தம் அடங்கியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்ல வேளை, நான் ரெக்கார்ட் பண்ணேன்" என்றார். மூன்று தடவை ரீவைண்ட் பண்ணி அவரே போட்டுக் காட்டவும் செய்தார். கிளம்பும்போது புதுப்பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த மேட்டு வீட்டு நம்பர் குடுங்க. மக் இல்லாட்டிப் பரவால்ல."

கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகு அப்பா, "அந்த மூணாவது வரிசை எப்படிப் போகும்? இன்னொரு தடவை பாடேன்" என்றார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அம்மா. ஆனால் பாடினாள், வீடு வந்து சேரும் வரைக்கும்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது சுருதிப் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கிச் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. தூசு துடைத்து, பக்கத்தில் காபி. மணி பத்து இருக்கும். அம்மா குரலை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து டொக் டொக் டொக் என்று வந்தது. அப்பா பேப்பருக்கு மேலே அம்மாவைப் பார்த்தார். அம்மா நிறுத்தவில்லை. ஒரு வாய் காபி குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே போனாள். மறுபடி டொக் டொக் டொக். அவள் அதற்கும் மேலே போனாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாவம், அப்போது எத்தனை நாள் தாளம் போட்டுப் பார்த்தார் அந்தத் தாத்தா! இன்றைக்குத்தான் அம்மா அவரோடு சேர்ந்து பாடுகிறாள் என்று, நானும் தரையில் உட்கார்ந்து, அவர் இடிக்கிற இடத்திலேயே என் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.