புஸ்தகத்து வேலைக்காரனும் நானும்

வீட்டு வேலையில பெருக்கறது, துடைக்கறது, பரிமாறறது எல்லாம் சுலபம். எஜமான் படிச்ச கதைக்குத் தக்கபடி நடந்துக்கறதுதான் கஷ்டம். ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு எஜமான்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்ச என் சகாக்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

ஆள் எடுத்த கதை

அம்பத்துநாலுல பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போனான். அந்த வருஷம் நான் அரியாங்குப்பத்துலேர்ந்து ஆத்தைத் தாண்டி வேலை தேடி வந்தேன். கோர்ட்டுல உத்தியோகம் பார்த்து ஓய்வான அந்துவான் முசே வீட்டுல ஆள் வேணும்னாங்க. முசேன்னா பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். அவரு தமிழர்தான், ஆனா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரு. சம்சாரம் தவறிப்போச்சு. ஒரே பொண்ணு பிரான்சுல.

"எஜமானுக்குப் பிடிக்காத விருந்தாளி வாசல்ல நிக்கிறான். நீ என்ன செய்வே?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒரு வியாதி உண்டு. பயந்துட்டா வாய் பூட்டிக்கும், மூஞ்சி கல்லாயிடும். பள்ளிக்கூடத்துல இதைத் திமிருனு நெனச்சு வாத்தியார் ரெண்டு அடி சேர்த்துப் போடுவாரு. அன்னிக்கும் அப்படியே நின்னேன். முசே முகம் மலர்ந்துடுச்சு. அலமாரியைத் திறந்து காட்டினாரு. அம்பது அறுபது நாடகப் புஸ்தகம், கதைப் புஸ்தகம். எல்லாத்துலயும் எஜமான் அசடு, வேலைக்காரன் மகா கெட்டிக்காரன். வீடு பத்தி எரிஞ்சாலும் பதற மாட்டானாம், எந்தச் சிக்கலுக்கும் வழி சொல்லிடுவானாம். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரியில எழுதினதுலயும் இவன் இருக்கான், போன மாசம் கப்பல்ல வந்ததுலயும் இருக்கான். பேருதான் வேற"ன்னாரு. நம்ம கூத்துல கட்டியக்காரன் ராஜாவையே ஆட்டிவைப்பானே, அந்த மாதிரி ஆளுனு புரிஞ்சுது. இனிமே அவன் பேரு கோவிந்தன்னு, அதாவது நான்தான்னு, முசே முடிவு பண்ணிட்டாரு.

சமையல்காரி சவேரியம்மாகிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். மீன் ஆய்ஞ்சுக்கிட்டே அது சொன்னது: "அந்தப் புஸ்தகத்தாலதான் இதுக்கு முன்னாடி மூணு பேரு ஓடிப்போனானுங்க. நீயாவது பொங்கல் வரைக்கும் இரு."

சூப்பும் சண்டையும்

அதுலேர்ந்து தினம் காலையில இன்னிக்கு என்ன செய்யலாம்னு முசே என்னைக் கேப்பாரு, நான் முழிப்பேன், அவரே ஒண்ணு முடிவு பண்ணிக்குவாரு. ஒரு ஞாயித்துக்கிழமை முசேவோட பழைய சிநேகிதங்க நாலு பேரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாங்க. இனிமே ஊரு என்ன ஆகும்னு பேச்சு. ஒருத்தரு பிரெஞ்சுக்காரனே இருந்திருக்கலாம்னாரு, இன்னொருத்தரு போனது நல்லதாப் போச்சுன்னாரு. குரல் ஏறிப்போச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சர்ஜான், அதாவது சார்ஜெண்டு, ஆயிருந்து ரிட்டையர் ஆன ஒருத்தரு நாற்காலியைத் தள்ளிட்டு, இந்த வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டேன்னு எழுந்து வந்தாரு. கொதிக்கிற சூப்போட நான் கதவு வழியில நிக்கிறேன். அவரு மீசையைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடல. நகரச் சொன்னாரு. நகரணும்னு எனக்கும்தான் ஆசை, கால் கேக்கணுமே.

அவரும் எவ்வளவு நேரம் நிப்பாரு? சூப்பு வாசனை மூக்குல ஏறுது. முறைச்சாரு, பெருமூச்சு விட்டாரு, திரும்பிப் போய் உக்காந்துட்டாரு. "பார்த்தீங்களா, ஒரு வார்த்தை பேசாம சண்டையை நிறுத்திட்டான்"னு முசேவுக்குப் பெருமை தாங்கல. நான் சமையல்கட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணி குடிச்சேன். போறப்ப சர்ஜான் முசேகிட்ட சொன்னாரு: "இவனை ஒரு வாரம் எனக்கு அனுப்பு. என் சம்சாரம் எதிர்ல நிறுத்திப் பார்க்கணும்."

சகாக்கள் சாபம்

என் பேரு தெரு பூராப் பரவிப்போச்சு. அதனால எனக்கு வந்த கெடுதலை விட மத்தவங்களுக்கு வந்ததுதான் அதிகம். எந்த வீட்டுல என்ன காணாமப் போனாலும், என்ன உடைஞ்சாலும், கோவிந்தன் மாதிரி இருக்கக் கூடாதானு வேலைக்காரங்களைப் பிடிச்சுத் திட்ட ஆரம்பிச்சாங்க. மார்க்கெட்டுல என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

பக்கத்து வீட்டு முனுசாமி ஒரு நாள் காய்கறிக் கூடையைக் கீழ வெச்சுட்டு என்னை மடக்கினான்: "நேத்து எங்க எஜமானி மதாம் திட்டும்போது நானும் உன்ன மாதிரியே பேசாம நின்னேன்டா. காது கேக்கலையானு காதைப் பிடிச்சுத் திருகுது."

கடுதாசி

அறுபத்திரண்டுல, பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையானு ஊரே பேசிக்கிட்டிருந்தது. அதுல முசேவுக்குக் குழப்பம் இல்ல. பொண்ணுகிட்டேர்ந்து வந்த கடுதாசிதான் குழப்பிடுச்சு. வீட்டை மூடிட்டு என்கூட வந்துடுங்கப்பான்னு எழுதியிருந்தது. முசே என்னைக் கூப்பிட்டு, "போறதா, இருக்கறதா? நீ சொல்ற மாதிரி செய்றேன். ஞாயித்துக்கிழமை சொல்லு"ன்னாரு.

நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. வீட்டை மூடினா எனக்கு வேலை கெடையாது, பள்ளிக்கூடம் போற ரெண்டு பொண்ணுங்க இருக்கு. சவேரியம்மாவுக்கு அந்தச் சமையல்கட்டை விட்டா வேற போக்கிடமே இல்ல. "இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்"னு அது கண்ணைத் தொடைச்சுக்கிச்சு. சொல்லிடலாம்தான். ஆனா வயசான மனுஷன், நெஞ்சுல சளி வேற. என் பேச்சைக் கேட்டு இங்க தங்கி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? பெத்த பொண்ணு முகத்தைக்கூட பார்க்காம போயிட்டாருன்னா? அந்தப் பாவத்தை என்னால சுமக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை முசே மாதா கோயில் பூசைக்குப் போயிட்டு வந்து உக்காந்தாரு. காப்பியை வெச்சேன். எப்படி வாய் திறந்துச்சோ, கொட்டிட்டேன். "முசே, எனக்கு யோசனையே வராதுங்க. பயத்துல வாயடைச்சு நிப்பேன், அவ்ளோதான். போங்கன்னா என் பொழப்பு போயிடும். இருங்கன்னா, அது என் வயித்துக்குச் சொன்னதா ஆயிடும். நீங்களே முடிவு பண்ணிக்கங்க." எட்டு வருஷத்துல அவ்வளவு நான் பேசினதே இல்ல.

முசே காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதி, உறையில போட்டு ஒட்டி என் கையில குடுத்தாரு. "வரலைனு எழுதியிருக்கேன். தபால்ல போட்டுட்டு வா"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு. நான் ஒரு யோசனையும் சொல்லலையே முசேன்னேன். அவரு காப்பியை ஒரு வாய் குடிச்சுட்டுச் சொன்னாரு: "உனக்கு ஒண்ணும் தெரியாதுனு எனக்கு மொத வாரமே தெரியும். ஆனா அங்க போயி, காலையில எழுந்து, இன்னிக்கு என்ன செய்யலாம்னு நான் யாரைக் கேப்பேன்?"

ஆக, புஸ்தகத்து வேலைக்காரன் ரெண்டாயிரம் வருஷமா எஜமானுக்கு வழி சொல்லிப் பொழைக்கிறான், நான் வழி தெரியலைனு சொல்லிப் பொழைச்சுக்கிட்டேன்.