உள்ளங்கையில் ஒரு பெயர்

காலை ஆறு இருபது. நல்லம்பள்ளி செல்லும் பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் உள்ளங்கையில் நீல மைதான் முதலில் தெரிந்தது. ஒடிசலான மனிதர், கணினியின் அடித்தளமான கர்னலுக்கு நிரல் எழுதுபவர். நிரலில் வைக்கப்போகும் பெயரை ஒரு நாள் முழுக்கக் கையில் எழுதி வைத்துப் பார்ப்பாராம்.

“எதுக்குங்க?” என்றேன்.

“முன்னெல்லாம் இப்படி எழுதிப் பாக்க மாட்டேங்க. ஒரு புரோகிராமுக்கு ‘செக்’குனு பேர் வெச்சேன். அது செக் பண்ணிட்டுப் பழைய டேட்டாவை அழிச்சுடும். கூட இருந்தவரு பேரை நம்பி ஓட்டினாரு. கம்பெனி டேட்டா பூராப் போச்சு. அவரு வேலையும் போச்சுங்க.”

“பேரை மாத்திடலாமே?”

“அந்தப் பேரைக் கூப்பிட்டு எத்தனையோ புரோகிராம் ஓடுது. மாத்தினா எல்லாம் நின்னுடுமுங்க. இப்ப அதே மாதிரி புதுசா ஒன்னு எழுதறேன், அதுக்காவது சரியா வெக்கணும்.”

நல்லம்பள்ளியில் பையை எடுக்கக் கை நீட்டினார். உள்ளங்கையில் ‘செக் அண்ட் டெலீட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.